எங்கட 2009 உயர்தர வகுப்பு: புதுப் பிள்ளையளும் வீட்டுப் புதினமும்

#1 முத்தையன்கட்டுக்காரி
செவ்வாய், இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். போன வியாழன் விடியப்புறம் மாஞ்சோலை ஆஸ்பத்திரியில எனக்குப் பொம்பிளைப் பிள்ளை பிறந்திருக்கு. 2 கிலோ 850. கலியாணம் முடிச்சு ஏழு வருசத்துக்குப் பிறகு. சுகப்பிரசவம், மூண்டு தையல். சனிக்கிழமை வீட்ட வந்திட்டம். பிள்ளை நல்லாப் பால் குடிக்கிறாள். இதை எழுதேக்க என்ர கையிலதான் நித்திரை.

சந்தோசத்தோட ஒரு உதவியும் கேக்கவேணும். அம்மா இல்லையெண்டது உங்களுக்குப் புதுசில்லை. ஆனா இத்தினை வருசத்தில இந்த ஆறு நாளும் தேடின மாதிரி நான் அம்மாவைத் தேடினதில்லை. மாமி இருக்கிறா, பாரிசவாதம் வந்து படுக்கையில. அவவையும் நாங்கள்தான் பாக்கிறம். இவர் சோறு, பருப்பு, தேத்தண்ணி எல்லாம் செய்வார். பிள்ளைப்பெத்தவைக்குக் கறி வைக்கக் கடையில பைக்கற்றில விக்கிற சரக்குத்தூள் வாங்கி வந்து மீன்கறியும் வைச்சுத் தந்தவர். நல்ல மனிசன், ஒரு குறை சொல்ல ஏலாது. நான் ஒரு வாய் வைச்ச உடன அழத் தொடங்கிட்டன், அவர் பயந்துபோனார்.

எனக்கு 14 வயசில சின்னச் சித்திக்குப் பிள்ளை பிறந்தது. அப்ப அம்மா வைச்ச சரக்குக் கறியில ஒரு கருகல் மணம் இருக்கும். சட்டியில அடிப்பிடிச்ச மணமில்லை, அது வேற. புகையும் இனிப்பும் சேர்ந்த மாதிரி. அது எதால வந்ததெண்டு எனக்குத் தெரியாது. அந்த வயசில நான் கேக்கவும் இல்லை. சித்தி குடும்பமும் 2009 சண்டையில மாத்தளனில அம்மாவோட போயிட்டுது. கேக்க ஆளில்லை.

ஆரிட்டையாவது சரக்கு அரைக்கிற முறை இருந்தா எழுதுங்கோ. 31 ஆம் நாள் துடக்குக் கழிவு மட்டும் என்னென்ன செய்யிறதெண்டும் சொல்லுங்கோ. உங்கட வீடுகளில புதுசா ஆர் ஆர் வந்திருக்கினமெண்டும் எழுதுங்கோ. நாங்கள் எல்லாரும் கடைசியா ஒரு கூரைக்குக் கீழ இருந்தது 2009 ஆவணியில, மெனிக்பாம் அகதி முகாமுக்குள்ள சோதினை எழுதேக்க. அதுக்குப் பிறகு ஆர் எங்க நிக்கிறியள் எண்டே பாதி தெரியாது.

#2 மூண்டு பிள்ளைக்காரி, கிளிநொச்சி
செவ்வாய், இரவு 9.55

எடியே! ஏழு வருசம்! கனகாம்பிகை அம்மனுக்கு நான் உனக்காக வைச்ச நேத்தி ஒண்டு இருக்கு, வெள்ளிக்கிழமை போய்த் தீர்க்கிறன். பிள்ளையின்ர காலை ஒரு படம் எடுத்துப் போடு, முகம் வேண்டாம், 31 முடியட்டும்.

சரக்குக்கு வாறன். அம்மா பக்கத்தில இருந்து சொல்லுறா, நான் எழுதுறன். மல்லி ஒரு சுண்டு, சீரகம் கால் சுண்டு, மிளகு கால் சுண்டு, மஞ்சள் நாலு துண்டு, வேர்க்கொம்பு ரெண்டு துண்டு, திப்பிலி ஒரு சின்னப் பிடி. மல்லியை மட்டும் லேசா வறு. மற்றதெல்லாம் வெயில்ல காயட்டும். இடிச்சு அரிச்சு, ஈரமில்லாத போத்திலில போட்டு வை. கறி வைக்கேக்க ஒரு கரண்டித் தூளுக்குப் பத்துப் பன்னிரண்டு பல்லு உள்ளி அரைச்சுச் சேர். செத்தல் மிளகாய் கிட்டவும் வரக்கூடாது. புளி பேருக்குத்தான்.

பால்சுறா வந்தா விடாத. அவிச்சு, தோலும் முள்ளும் எடுத்து, உதிர்த்து, உள்ளியும் மிளகும் சீரகமும் இடிச்சுப் போட்டு வறை வறுத்தா பால் தானா ஊறும். முல்லைத்தீவுக் கடல் உனக்குப் பக்கத்தில, அதுக்குக் குறைவில்லை. குளத்து மீன் 31 மட்டும் வேண்டாமெண்டு அம்மா சொல்லுறா.

நீ சொன்ன கருகல் மணம் எங்கட கறியில இல்லை. அம்மாவுக்கும் தெரியேல்லை.

31 அண்டைக்கு வீடு கழுவி, மஞ்சள்தண்ணி தெளிச்சு, பிள்ளைக்கு முடியிறக்கித் தோயவார்க்கிறது. பிறகு ஏணை கட்டி முதன்முதலாப் போடுறது. தாய்மாமன் பஞ்சாயுதம் போடவேணும். உன்ர தம்பி இப்ப எங்க?

#3 வவுனிக்குளம் கமக்காரன்
செவ்வாய், இரவு 10.30

வாழ்த்துக்கள் தங்கச்சி. (ரெண்டு மாசம் மூப்பெண்டாலும் நான் அண்ணன்தான்.)

குளத்து மீன் வேண்டாமெண்ட கதையை நான் ஒப்புக்கொள்ளமாட்டன். எங்கட அம்மாவுக்கு ஆறு பிள்ளை. ஆறுக்கும் வவுனிக்குளத்து விரால்தான் சரக்குக் கறி. கடல் மீன் அந்த நாளில எங்களுக்கு வந்து சேரேக்க கருவாடு.

என்ர வீட்டுச் செய்தி: போன தையில ஆம்பிளைப் பிள்ளை. ரெண்டாவது. காலபோக அருவி வெட்டு நடக்குது, வெட்டுற மெசின் வயலுக்க இறங்கி நிக்குது, வானம் வேற இருட்டிக்கொண்டு வருது. இவ வரம்பில வந்து நிண்டு “குத்துது” எண்டா. மெசின்காரனிட்ட “நீ வெட்டு, பிறகு கணக்குப் பாப்பம்” எண்டு சொல்லிப்போட்டு, சேத்துக்காலோட மோட்டச்சைக்கிளை எடுத்தனான். மகனை முதன்முதல் வாங்கேக்க என்ர காலில சேறு காஞ்சு வெடிச்சிருந்தது. மிஸ் “கையைக் காட்டுங்கோ” எண்டு பாத்துப்போட்டுத்தான் தந்தவா.

எனக்கு ஒரு சந்தோசம் இருக்கு, அதை இஞ்ச சொல்லவேணும். நாங்கள் சின்னனில மலேரியா வராத ஆளே வகுப்பில இல்லை. நாலாம் வகுப்பில நான் ஒரு தவணை முழுக்க நடுங்கிக்கொண்டு கிடந்தனான். குளோரோக்குயின் குளிசையைத் தேன்ல குழைச்சுத் தந்தாலும் அந்தக் கைப்பு நாக்கில மூண்டு நாள் நிக்கும். 2016 இல உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடெண்டு அறிவிச்சது. என்ர ரெண்டு பிள்ளையளுக்கும் அந்தச் சொல்லே தெரியாது. காட்டோரத்தில, குளத்துக்குக் கீழ இருந்துகொண்டுதான் சொல்லுறன்.

மொட்டைக்கறுப்பன் நெல் கொஞ்சம் வீட்டுக்கெண்டு விதைச்சனான். அரைப் புசல் அவிச்சுக் குத்தி வைக்கிறன். பிள்ளைப்பெத்த வீட்டுக்கு அதுதான் சோறு. ஆர் அந்தப் பக்கம் போறியளோ சொல்லுங்கோ.

#4 மடுவடியான்
புதன், காலை 6.05

தாய்க்கும் பிள்ளைக்கும் மடுமாதா துணை.

எங்களுக்கு மகள் பிறந்து இப்ப அஞ்சு மாசம். இரவு ஒரு மணிக்குப் பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டுது. 1990 எண்ட நம்பருக்கு அடிச்சம், அம்புலன்ஸ் வந்தது. காட்டுக்குள்ளால போறம், ரோட்டுக்குக் குறுக்க ரெண்டு யானை, ஒரு குட்டி. சாரதி வெளிச்சத்தைக் குறைச்சு, எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு “அவையள் போகட்டும்” எண்டார். இவ என்ர கையை நெரிக்கிறா. குட்டி நடு ரோட்டில நிண்டு மணலை அள்ளிப் போட்டு விளையாடுது. தாய் யானை குட்டியைத் தும்பிக்கையால தள்ளித் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனது. அதைப் பாத்துக்கொண்டிருந்த கொஞ்ச நேரம் இவ நோவெண்டு கத்தேல்லை. பிறகு கேட்டன். “அதுவும் தாய்தானே எண்டு பாத்துக்கொண்டிருந்தன்” எண்டா.

ஆஸ்பத்திரிக்குப் போய் நாப்பது நிமிசத்தில பிள்ளை. ஆவணி 15 திருவிழாவுக்கு முதல் ஞானஸ்நானம் வைக்க இருக்கிறம். எல்லாரையும் கூப்பிடுவன்.

#5 ஒட்டுசுட்டான் மிட்வைஃப்
புதன், பகல் 1.15

முதல்ல என்ர வாழ்த்து. பிறகு என்ர தொழில்.

பத்திரத்தில குடும்பநல உத்தியோகத்தர், ஊரில எல்லாருக்கும் நான் மிட்வைஃப். முத்தையன்கட்டு என்ர பிரிவில்லை. உன்ர பகுதிக்காரி முதல் பத்து நாளுக்குள்ள வீட்ட வந்து தையலும் பிள்ளையின்ர தொப்புளும் பாப்பா. வராட்டி நீ போன் அடி, கூச்சப்படாத.

சரக்கைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. மல்லி, மிளகு, உள்ளி, சீரகம் எல்லாம் நல்ல சாப்பாடு. நான் சண்டை பிடிக்கிறது அதோட சேர்த்துச் சொல்லுற மற்றக் கதையளுக்கு. தண்ணி குடிச்சா வயிறு ஊதும், பழம் தின்னாப் பிள்ளைக்குச் சளி, மரக்கறி குளிர் எண்டெல்லாம் சொல்லுவினம். பால் குடுக்கிற தாய்க்குத் தண்ணி நிறைய வேணும். பப்பாப்பழம், கீரை, முட்டை, மீன் எல்லாம் சாப்பிடு. குளத்து மீனும் மீன்தான், விரால் சாப்பிடலாம். பிள்ளைக்கு ஆறு மாசம் மட்டும் தாய்ப்பால் மட்டும்தான். சீனித்தண்ணி வேண்டாம், தேன் வேண்டாம். கோரோசனை உரைச்சுப் பருக்க ஆராவது வந்தா வாசலோட அனுப்பு.

பிள்ளையின்ர உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாத் தெரிஞ்சா, பால் குடியாமச் சோர்ந்து கிடந்தா, உடம்பு சுட்டா, இல்லாட்டிக் குளிர்ந்து கிடந்தா, இரவெண்டு பாராம கொண்டு போ. உனக்குக் காய்ச்சல், கூடின இரத்தம், கெட்ட மணம், ஒரு கால் மட்டும் வீங்கி நோகிறது, தாங்கேலாத தலையிடி, இதுகள் வந்தாலும் அப்பிடித்தான். ரெண்டு மாசத்தில முதல் ஐங்கூட்டு ஊசி. 9 மாசத்தில ஒண்டு, 12 மாசத்தில மூளைக்காய்ச்சல் ஊசி. எல்லாம் உன்ர கையில இருக்கிற பதிவுப் புத்தகத்தில எழுதியிருக்கு. அந்தப் புத்தகத்தைச் சாமிப்படத்தோட வைச்சுப் பாதுகாத்துக்கொள்.

கடைசியா ஒண்டு. ஒரு வாய் கறிக்கு அழுதனெண்டு எழுதியிருக்கிறாய். முதல் ஒரு கிழமை பத்து நாள் கண்ணீர் வாறது இயல்பு. அதுக்குப் பிறகும் நிக்காட்டி, பிள்ளையில மனம் ஒட்டாட்டி, நித்திரை வராட்டி, ஒளிக்காமச் சொல்லு. ஒரு மாசம் வரேக்க மிட்வைஃப் உன்னட்டப் பத்துக் கேள்வி கேப்பா. எடின்பரோ அளவுகோல் எண்டு பேர். எங்கட பொம்பிளையள் பத்துக்கும் “ஒண்டுமில்லை மிஸ்” எண்டு சொல்லிப்போட்டு அடுப்படிக்க போயிருந்து அழுகிறவை. நான் கதவடியில நிண்டு கேட்டிருக்கிறன். நீ உண்மையைச் சொல்லு.

#6 விசுவமடு
புதன், இரவு 8.40

நான் இதில எழுதுறதில்லை, வாசிக்கிறதோட சரி. உங்களோட சோதினை எழுதவும் நான் இருக்கேல்லை. 2008 இல வீட்டில பயத்தில கலியாணம் கட்டிவைச்சவை, ஏனெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

என்ர மூத்தவள் 2009 பங்குனியில மாத்தளனில பிறந்தவள். தறப்பாளுக்குக் கீழ, சீலையில தைச்ச மண்மூட்டை அடுக்கின பங்கருக்குள்ள. பக்கத்துத் தறப்பாளில இருந்த ஆச்சி ஒராள்தான் பிள்ளை பிடிச்சவா. அவா மருத்துவிச்சி இல்லை, தன்ர மருமகளுக்குப் பாத்த அனுபவம். புது பிளேட் இருக்கேல்லை. இருந்ததைக் கொதிதண்ணிக்குள்ள போட்டு, தன்ர சீலைக் கரையைக் கிழிச்சு அதையும் கொதிதண்ணிக்குள்ள போட்டு, அதாலதான் கொடி கட்டினவா. எனக்குச் சரக்கில்லை. உப்புக்கஞ்சி. அந்தக் கஞ்சியில தன்ர பங்கையும் ஆச்சி எனக்குத்தான் ஊத்தினவா. “பால் வரவேணும், குடி மோனை” எண்டு. மூண்டாம் நாள் பால் வந்தது.

அந்த ஆச்சியின்ர பேரை நான் கேக்கேல்லை. மோனை எண்டு அவா கூப்பிட, ஆச்சி எண்டு நான் கூப்பிட, அதோட போச்சு. முகாமுக்கு வந்து வலயம் வலயமாத் தேடினன், காணேல்லை.

பிள்ளையை முதலாம் வகுப்பில சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்டவை. ஒரு கந்தோரில “பிறந்ததுக்குச் சாட்சி ஆர்?” எண்டு கேட்டவை. நான் ஆரைச் சொல்லுறது? அஞ்சாறு தரம் அலைஞ்சம். கடைசியில முகாமில பிள்ளை நிறுத்த ஒரு கிளினிக் அட்டை, குடும்ப அட்டை, எங்களோட ஒரே இடத்தில இருந்த ரெண்டு பேரின்ர சத்தியக் கடதாசி, இதுகளை வைச்சுக் காலங்கடந்த பதிவு செய்தது. நிறுத்த அட்டையை நான் எறியாம வைச்சிருந்ததாலதான் அதுவும் நடந்தது.

அதால உனக்குச் சொல்லுறன். 42 நாளுக்குள்ள பிள்ளையைப் பதி. பேர் முடிவாகேல்லை, நல்ல நாள் பாக்கவேணும் எண்டு இழுக்காத. ஆஸ்பத்திரியில தந்த துண்டையும் கலியாண எழுத்துப் பத்திரத்தையும் கொண்டு இவரை அனுப்பு. பேர் எழுத்து ஒவ்வொண்டையும் அங்கயே நிண்டு வாசிக்கச் சொல்லு, ஒரு கொம்பு பிழைச்சாலும் பிறகு திருத்திறதுக்கு அலைச்சல்.

என்ர வீட்டிலயும் புதுசு இருக்கு. மூண்டாவது, ஆம்பிளைப் பிள்ளை, மூண்டு மாசம். மூத்தவள் ஓ.எல். சோதினைப் புத்தகத்தை மடியில வைச்சுக்கொண்டு காலால ஏணை ஆட்டுறாள். அவள் ஆட்டினாத்தான் அவன் நித்திரை கொள்ளுறான்.

#7 வவுனிக்குளம் கமக்காரன்
புதன், இரவு 9.10

விசுவமடு, நீ எழுதினதை இவவுக்கு வாசிச்சுக் காட்டினன். அரிசி உனக்கும் வரும்.

#8 ரொறன்ரோ
புதன், இரவு 11.50

எனக்கு மகன், நாலு மாசம். அம்மா கிளிநொச்சியில உயிரோட இருக்கிறா, விசா கிடைக்கேல்லை. அதால பிரசவத்துக்கு ஒருத்தருமில்லை. அம்மா போனில நிண்டு சொல்லச் சொல்ல இவர்தான் எல்லாம் செய்தவர். வேதுக்கு நொச்சியும் பாவட்டையும் எங்க எடுக்கிறது? தமிழ்க்கடையில காஞ்ச வேப்பிலை கிடைச்சது, அதை அவிச்சுத்தான் தோயவார்த்தவர். அம்மா அங்க இருந்து போனைப் பாத்து, “நாரியில ஊத்துங்கோ தம்பி, இன்னும் கொஞ்சம் சூடா” எண்டு சொல்லுறா, சொல்லிக்கொண்டே அழுகிறா.

இஞ்ச எனக்கு ஒரு வருசத்துக்குக் கிட்ட லீவு இருக்கு. காசும் கொஞ்சம் வரும். பிள்ளையோட இருக்கலாம். ஆனா பகல் முழுக்க நானும் பிள்ளையும் சுவரும்தான். வெளியில பனி. ஒரு நாளில என்ர குரலையே நான் கேக்காத நாளுகள் இருந்தது. பிறகு பிள்ளைக்குக் கதை சொல்லத் தொடங்கினன். அக்கராயன் குளத்தில நாங்கள் தாமரைக்காய் பிடுங்கினது, பள்ளிக்கூட மதிலால ஏறி நெல்லிக்காய் ஆய்ஞ்சது. அவனுக்கு விளங்காது. என்ர வாயை ஆவெண்டு பாத்துக்கொண்டிருப்பான்.

மிட்வைஃப் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். என்னட்டயும் இஞ்ச கேள்வி கேட்டவை. நான் ஒண்டுமில்லை எண்டுதான் சொன்னனான். அடுத்த முறை சொல்லுவன்.

#9 மூண்டு பிள்ளைக்காரி, கிளிநொச்சி
வியாழன், காலை 5.40

ஒரு வருசமோ! எங்களுக்கு முழுச் சம்பளத்தோட 84 வேலை நாள். பிறகு அரைச்சம்பளம் 84, சம்பளமில்லாம 84. அரைச்சம்பளத்தில வீட்டுக்கடன் கட்டேலாது. அதால மூண்டு தரமும் 84 முடிய நான் பள்ளிக்கூடம் போனனான். பின்வாங்கில இருந்து படிப்பிக்கேக்க சட்டை நனைஞ்சிடும். சீலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு பத்தாம் வகுப்புக்கு இலக்கணம் எடுத்திருக்கிறன். அம்மா பாத்திருக்காட்டி வேலையை விட்டிருப்பன்.

ரொறன்ரோ, நீ பகலில எந்த நேரமெண்டாலும் எனக்கு அடி. இஞ்ச இரவெண்டா என்ன, சின்னவன் எப்பிடியும் என்னை எழுப்பித்தான் வைச்சிருப்பான்.

#10 கனகராயன்குளம்
வியாழன், காலை 10.25

எல்லாற்ற செய்தியையும் வாசிச்சு மனம் நிறைஞ்சு போச்சு. உண்மையாத்தான் சொல்லுறன்.

எங்களுக்குப் பதினொரு வருசம். ரெண்டு தரம் தங்கிக் கலைஞ்சது. இப்பவும் மருந்து எடுக்கிறம், யாழ்ப்பாணத்துக்கு மாசம் ஒருக்காப் போய்வாறம். நான் கேக்கிறது ஒண்டுதான். எனக்குப் பிள்ளை இல்லையெண்டு 31க்குச் சொல்லாம விடாதேங்கோ. சொந்தத்துக்குள்ள அப்பிடித்தான் நடக்குது. நான் கவலைப்படுவனாம், அதால சொல்லேல்லையாம். பிறகு படத்தில பாத்துத்தான் தெரியவரும். ஒருக்காப் போன இடத்தில, பிள்ளையை வாங்கக் கையை நீட்ட, ஒரு மனிசி “பிள்ளை நித்திரையாகட்டும்” எண்டு தூக்கிக்கொண்டு உள்ள போனவா. பிள்ளை முழிச்சுக்கொண்டுதான் இருந்தது.

முத்தையன்கட்டுக்காரி, உனக்கும் ஏழு வருசம் எப்பிடிப் போயிருக்குமெண்டு எனக்குத் தெரியும். அதாலதான் இதை உன்னட்டக் கேக்கத் துணிவு வந்தது. நான் வரலாமோ?

#11 முத்தையன்கட்டுக்காரி
வியாழன், காலை 10.40

வரலாமோ எண்டு கேட்டதுக்கு உனக்கு அடி இருக்கு. 31 சனிக்கிழமை வருது. முதல் நாள் வெள்ளிக்கிழமையே வந்து நில். பிள்ளையை முதல் தூக்கி ஏணையில போடுறது நீதான். அதை இவரிட்டச் சொல்லிப்போட்டன், மாமியிட்டயும் சொல்லிப்போட்டன். அந்த ஏழு வருசத்தில என்னட்டயும் பிள்ளை தராமத் தூக்கிக்கொண்டு போனவை இருக்கினம். அந்தக் கை எப்பிடி வெறுமையாத் திரும்பி வருமெண்டு எனக்குத் தெரியும்.

விசுவமடு, இவர் நாளைக்குப் பதியப் போறார். உன்ர மகளுக்கு என்ர அன்பைச் சொல்லு.

#12 உதயநகர் ஒழுங்கை
வியாழன், இரவு 7.30

இண்டைக்குத்தான் இதைப் பாத்தன். முதல் பதிவை வாசிச்ச உடன அக்காவுக்குப் போன் அடிச்சு, சரிதானோ எண்டு கேட்டுப்போட்டு வந்து எழுதுறன்.

அந்த மணம் உள்ளி. சுட்ட உள்ளி.

உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது. 2006 இல எங்கட அக்காவுக்கு மகன் பிறந்தவன். அப்ப எங்கட அம்மா கிணத்தடியில வழுக்கி விழுந்து கையில கட்டு. உன்ர அம்மாதான் நாலு வீடு தள்ளி இருந்து ஒவ்வொரு நாளும் காலமை வந்து அரைச்சுத் தந்தவா. பதினைஞ்சு நாள். நான் அம்மிக்குப் பக்கத்தில இருந்து தண்ணி தெளிச்சனான். அவா உள்ளியை உரிக்கமாட்டா. முழுப்பூட்டா, தோலோட, அடுப்புத் தணலுக்குள்ள புதைப்பா. மேல்தோல் கறுத்து வெடிக்கும். குறட்டால இழுத்தெடுத்து, ரெண்டு கையிலயும் மாத்தி மாத்தி ஊதி, அடியில அமத்துவா. உள்ளுக்க இருக்கிறது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு அம்மியில விழும். கருகின தோல் ஒண்டு ரெண்டு ஒட்டியிருந்தாலும் எடுக்கமாட்டா, “அது கிடக்கட்டும்” எண்டு அதோடயே அரைப்பா. மல்லியை அவா வறுக்கிறதேயில்லை. வெயில்தான். மிளகு கடைசியில. தேங்காய்ப்பால் கறி இறக்கிறதுக்குக் கொஞ்சம் முந்தி, அரைக் கிண்ணம், முதற்பால் மட்டும். மற்ற அளவெல்லாம் மேல எழுதினதுதான், திப்பிலி மட்டும் இன்னும் கொஞ்சம் குறைவு.

அக்காவுக்கு அது அப்பிடியே கைவந்திட்டுது. எனக்கு ரெண்டு பிள்ளைக்கும் அக்கா அந்த முறையிலதான் அரைச்சுத் தந்தவா. எங்கட வீட்டில அதுக்குப் பேரே “உதயநகர்ச் சரக்கு”. எங்களுக்கு அது உன்ர அம்மான்ர கறி எண்டு தெரியும். உனக்குத் தெரியாதெண்டு எங்களுக்குத் தெரியாமப் போச்சு.

இன்னொண்டும் இருக்கு. அரைச்சுக்கொண்டிருக்கேக்க எங்கட அம்மா ஒருநாள் கேட்டவா, “உன்ர மகளுக்கும் இதைப் பழக்கலாம்தானே?” எண்டு. உன்ர அம்மா கையை எடுக்காமச் சொன்னவா: “அவள் படிக்கட்டும். அவளின்ர பிள்ளைப்பேறுக்கு நான் இருக்கிறன்தானே.”

சொல்லுறதோ விடுறதோ எண்டு அக்காவும் நானும் கனநேரம் கதைச்சம். உன்ர அம்மான்ர சொல்லு, அதை நாங்கள் வைச்சிருக்கிறது சரியில்லை.

#13 முத்தையன்கட்டுக்காரி
வெள்ளி, பின்னேரம் 4.15

நேற்று என்னால எழுத ஏலேல்லை.

இவருக்கு வாசிச்சுக் காட்டினன். எங்களிட்ட காஸ் அடுப்பு மட்டும்தான். காலமை எழும்பி முத்தத்தில மூண்டு கல்லு வைச்சு, சிரட்டை போட்டு எரிச்சுத் தணலாக்கினவர். உள்ளிப் பூடு மூண்டு புதைச்சவர். நான் பிள்ளையோட விறாந்தையில இருந்தனான். முதல் பூடு வெடிச்சுது. அவர் இன்னும் குறட்டைத் தேடிக்கொண்டு நிக்கிறார், எனக்கு மணம் வந்திட்டுது. அதேதான். 14 வயசில நான் பள்ளிக்கூடத்தால வந்து சைக்கிளை வேலியில சாத்தேக்க வந்த அதே மணம்.

உள்ள படுக்கையில இருந்து மாமி குளறிக் குளறிக் கேட்டவா, “ஆர் சமைக்கினம்?” எண்டு.

இவர் சொன்னவர், “மாமி சமைக்கிறா” எண்டு. என்ர அம்மாவை அவர் கண்டதேயில்லை.

இண்டைக்கு நல்லாச் சாப்பிட்டன். அக்காவின்ர நம்பரை உள்பெட்டியில அனுப்பு, நான் கதைக்கவேணும். உன்ர அம்மா கேட்டதையும் என்ர அம்மா சொன்னதையும் அவவின்ர வாயால ஒருக்காக் கேக்கவேணும்.

#14 மூண்டு பிள்ளைக்காரி, கிளிநொச்சி
வெள்ளி, பின்னேரம் 5.00

நாளைக்குச் சனி, நான் வாறன். ஞாயிறு பின்னேரம் மட்டும் நிப்பன். வேதுக்கு நொச்சி, பாவட்டை, ஆடாதோடை எல்லாம் வீட்டடியில இருக்கு, ஒரு சாக்கு வெட்டிக்கொண்டு வாறன். மாங்குளத்தில இறங்கி முல்லைத்தீவு பஸ் எடுத்தா ஒட்டுசுட்டானில எத்தினை மணிக்கு நிப்பன்?

#15 ஒட்டுசுட்டான் மிட்வைஃப்
வெள்ளி, பின்னேரம் 5.20

காலமை ஏழு மணி பஸ்ஸைப் பிடிச்சா ஒன்பதரை போல வந்திடுவாய். சந்தியில நில், நான் ஸ்கூட்டியில ஏத்திக்கொண்டு போறன். தையலையும் ஒருக்காப் பாக்கவேணும், பிள்ளையையும் நிறுக்கவேணும், தராசு என்னட்ட இருக்கு. வேதுத் தண்ணி தையலில ஊத்தக் கொதிக்கக் கொதிக்க விடமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்.

#16 வவுனிக்குளம் கமக்காரன்
வெள்ளி, இரவு 7.45

அரிசி ரெடி. ரெண்டு பை. ஒண்டில விசுவமடு எண்டு எழுதியிருக்கு. மூண்டு பிள்ளைக்காரி, நீ மாங்குளத்தில எட்டு மணிக்கு இறங்குவாய்தானே, நான் மோட்டச்சைக்கிளில மல்லாவியால வந்து சந்தியில நிக்கிறன். ரெண்டு விராலும் இருக்கு, உயிரோட, வாளிக்குள்ள.

#17 கனகராயன்குளம்
வெள்ளி, இரவு 8.10

எட்டு மணிக்கு நானும் மாங்குளத்தில நிப்பன். மூண்டு பிள்ளைக்காரி, எனக்குப் பின்சீற்றில இடம் பிடிச்சு வைக்காத, நீ வாறது எதிர்ப்பக்கத்தால வாற பஸ், நான் வவுனியாவில இருந்து வாற பஸ்ஸில வந்து உங்களோட சேருறன். 31 மட்டும் பொறுக்க ஏலாது எனக்கு. திங்கள் தொடக்கம் லீவு போட்டிருக்கிறன், மூண்டு பிள்ளைக்காரி ஞாயிறு வெளிக்கிட நான் அங்க நிப்பன். உள்ளி வாங்காத, எங்கட வீட்டில ஒரு கொத்து தூங்குது.

#18 முத்தையன்கட்டுக்காரி
வெள்ளி, இரவு 8.15

இவர் பாய் தட்டிக் காயப்போடுறார். வாங்கோ.